இரவு ஷிப்டில் விழிப்பை அளப்பது: எந்தச் சோதனை, எத்தனை நிமிடம், எங்கே பிசகும்?

தறிநிழல்

நூற்பாலை ரிங் ஃபிரேம் பிரிவில் 42 பேர். பகல், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். ஷிப்டுக்கு ஷிப்ட் இவர்களுடைய கவனம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. இப்போதைய திட்டம் இது: ஷிப்ட் தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை ரேவன் புதிர்த்தாள், ஸ்ட்ரூப் (நிறச்சொல் சோதனை), இரண்டு-பின் நினைவுச் சோதனை (இரண்டு அடி முன்னால் வந்ததே இப்போதும் வந்ததா என்று சொல்வது). கூடவே "எவ்வளவு தூக்கமாக இருக்கிறது" என்று 1 முதல் 5 வரை ஒரு கேள்வி. எல்லாம் அவரவர் கைபேசியில். முதல் வாரம் எல்லோருக்கும் பகல் ஷிப்டில் அளந்துவிட்டு அடுத்தடுத்த வாரங்களில் மற்றவை. எதை மாற்ற வேண்டும் என்று துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல்

முதலில் ரேவனை எடுத்துவிடுங்கள். அது ஒரு மனிதரின் நிலையான திறனை அளக்க 1938ல் வந்த கருவி. நிலையான தாளில் 60 புதிர்கள் உண்டு. காலை 8 மணிக்கும் மறுநாள் காலை 8 மணிக்கும் மாறாமல் இருப்பதைப் பிடிப்பதற்காகச் செய்தது. உங்களுக்கு வேண்டியதோ நேரத்துக்கு நேரம் மாறுவது. மாறாததை அளக்கும் கருவியை வைத்து மாற்றத்தைத் தேடினால் கிடைக்காது. போதாததற்கு, இரண்டாம் முறை உட்காருபவருக்குப் பாதிப் புதிரின் விடை நினைவில் இருக்கும். நள்ளிரவில் மதிப்பெண் கூடியதாகக் கூட வரும்.

திறனை அளப்பது, அப்போதைய நிலையை அளப்பது என்ற இந்த இரண்டும் நம் துறையில் எப்போதும் குழம்பிக் கிடக்கின்றன. ஆள் தேர்வில் திறன் தேர்வுக்கு ஓர் இடம் உண்டு. அங்கேயே எண் ஆட்டம் கண்டிருக்கிறது. பொது அறிவுத்திறனுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.51 என்று 1998ல் ஷ்மிட்டும் ஹன்டரும் வைத்தார்கள். 2022ல் சேக்கெட் குழு மறுகணக்குப் போட்டு 0.31 என்று இறக்கியது. தேர்வானவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடும்போது மதிப்பெண்களின் பரவல் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்காகச் செய்த திருத்தம் அளவுக்கு மீறிப் போயிருந்தது என்பதே காரணம். எப்படியானாலும் அது ஆள் எடுக்கும் மேசையின் விவகாரம். ஷிப்ட் ஆய்வுக்கு அது தேவையில்லை.

உங்களுக்குத் தேவை பிவிடி. 1985ல் டிங்கஸும் பாவலும் அறிமுகம் செய்த விழிப்புச் சோதனை. வெற்றுத் திரை. திடீரென்று ஓர் எண் ஓடத் தொடங்கும். கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் எண் நின்று, எத்தனை மில்லி வினாடி ஆனது என்று காட்டும். பிறகு மறுபடி வெற்றுத் திரை. 10 நிமிடம் இவ்வளவுதான். சலிப்புத் தட்டும், தட்டத்தான் வேண்டும். தூக்கக்குறைவு முதலில் அடிப்பது இப்படிப்பட்ட சலிப்பான, விடாத கவனத்தைத்தான். எழுத்தறிவு வேண்டாம், கல்வி வித்தியாசம் குறுக்கே வராது. ஓரிரு முறை செய்த பிறகு பழக்க விளைவும் அநேகமாக நின்றுவிடும்.

அடுத்த எண் எப்போது வரும் என்பது 2 முதல் 10 வினாடிக்குள் தற்செயலாக அமைய வேண்டும். சிலர் வசதிக்காக 5 வினாடி என்று நிலையாக வைத்துவிடுகிறார்கள். வைத்தால் கை தாளம் பிடித்துக்கொள்ளும், அளப்பது வேறு ஏதோ ஆகிவிடும். இடைவெளியின் வரம்பையும் நடுவில் மாற்றாதீர்கள். சீக்கிரம் வரும் எண்ணுக்குப் பதில் மெதுவாகவும், காத்திருந்து வரும் எண்ணுக்கு வேகமாகவும் இருப்பது மனித இயல்பு. வரம்பு மாறினால் சராசரியும் தானாக மாறிவிடும்.

தறிநிழல்

நன்றி. ஆனால் ஃபிரேமை விட்டு ஒருவரை 10 நிமிடம் வெளியே எடுக்க ஆலை ஒப்பாது. சுருக்க முடியுமா?

அளவுகோல்

முடியும். 2011ல் பாஸ்னர், மொல்லிகோன், டிங்கஸ் மூவரும் 3 நிமிட வடிவம் வெளியிட்டார்கள். அதில் இடைவெளி 1 முதல் 4 வினாடி. 10 நிமிடச் சோதனையில் 500 மில்லி வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அது லாப்ஸ், அதாவது கவனம் நழுவியது. 3 நிமிட வடிவத்தில் அந்தக் கோடு 355. இதை மறந்து குறுஞ்சோதனைக்கும் 500 வைத்தால் லாப்ஸ் மிகக் குறைவாக விழும், வித்தியாசம் தெரியாமல் போகும். நீண்ட சோதனையைவிடக் கூர்மை கொஞ்சம் குறைவுதான். ஆலைக்குள் இதுதான் நடக்கும் காரியம்.

கணக்கன்

கணக்கைப் பற்றி. சராசரி மறுவினை நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். ஒரே ஒரு கண்ணயர்வு அதைக் கவிழ்த்துவிடும். நான்கு பதில்கள் என்று வையுங்கள்: 250, 260, 270, 3000 மில்லி வினாடி. சராசரி 945. அந்த மனிதரின் நான்கு பதிலில் ஒன்றுகூட 945க்குப் பக்கத்தில் இல்லை. ஒவ்வொன்றையும் வினாடியில் தலைகீழாக்கி (1/0.250 = 4.00, 3.85, 3.70, 0.33) சராசரி எடுத்தால் 2.97. திருப்பிப் போட்டால் ஏறத்தாழ 337 மில்லி வினாடி. மூன்று நல்ல பதிலும் தெரிகிறது, ஒரு சறுக்கலும் தெரிகிறது. தூக்க இழப்பை அதிகம் காட்டிக்கொடுப்பவை இந்தப் பதில் வேகமும் லாப்ஸ் எண்ணிக்கையும்தான் என்று பாஸ்னரும் டிங்கஸும் 2011ல் எல்லா அளவுகளையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

லாப்ஸ் எண்ணிக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பலருக்கு 0 அல்லது 1, சிலருக்கு 15. அப்படியே சராசரி எடுக்காமல் √x + √(x+1) என்று மாற்றிப் போடுவது வழக்கம்.

100 மில்லி வினாடிக்குள் வந்த பதிலும், எண் வராமலே அழுத்தியதும் அவசர அழுத்தம். அவற்றைத் தூக்கி எறியாமல் தனியாக எண்ணுங்கள். தூக்கம் அழுத்தும்போது தூங்கிவிடக் கூடாதே என்று ஆள் முன்கூட்டியே அழுத்தத் தொடங்குவார். லாப்ஸும் அவசர அழுத்தமும் சேர்ந்து ஏறும். லாப்ஸை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். 30 வினாடி ஆகியும் பதில் இல்லையென்றால் ஆள் தூங்கிவிட்டார் என்று கொண்டு, எழுப்பிவிட்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்துகள்

"அவரவர் கைபேசியில்" என்ற வரிதான் இந்தத் திட்டத்திலேயே ஆபத்தானது. தொடுதிரை உங்கள் விரலை உடனே கணினிக்குச் சொல்லாது. கருவியைப் பொறுத்து 50 முதல் 100 மில்லி வினாடி, சிலவற்றில் அதற்கும் மேல் தாமதம் உண்டு. 80 தாமதிக்கும் கைபேசியில் 280ல் அழுத்தியவர் 360 ஆகப் பதிவாவார், 355 கோட்டைத் தாண்டி லாப்ஸ் கணக்கில் சேர்ந்துவிடுவார். அதே 280ல் அழுத்தும் பக்கத்து ஆள் 50 தாமதிக்கும் கைபேசி வைத்திருந்தால் அவர் 330, தேறிவிடுவார். இருவருக்கும் மூளை ஒரே வேகம்தான். பேட்டரி சேமிப்பு, தானியங்கி வெளிச்சம், 60 ஹெர்ட்ஸுக்கும் 120க்கும் மாறிமாறி ஓடும் திரை, நடுவில் வரும் வாட்ஸ்அப் சத்தம் எல்லாம் தனி. ஆலையில் இன்னொன்று: வியர்வையும் பஞ்சுத் தூசியும் ஒட்டிய விரலைத் திரை பல நேரம் உணராது. அந்த அழுத்தம் விட்டுப்போகும், ஆளுக்குக் கவனமில்லை என்று எழுதிவிடுவீர்கள்.

பழைய மடிக்கணினி ஒன்று, கம்பியுள்ள மவுஸ் ஒன்று, சைக்கோபை அல்லது பெபல் என்ற சோதனை மென்பொருள். மென்பொருள் இரண்டும் இலவசம். சாதாரண யுஎஸ்பி மவுஸைக் கணினி வினாடிக்கு 125 முறை பார்க்கும், அதாவது 8 மில்லி வினாடிக்கு ஒருமுறை. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். இந்தப் பிழை தாங்கக்கூடியது. ஒரே கருவியை எல்லோருக்கும், எல்லா ஷிப்டிலும் வையுங்கள். இரண்டு கருவி தேவைப்பட்டால் எண் ஒட்டி, ஒருவர் கடைசி வரை ஒரே கருவியில் செய்யும்படி பாருங்கள்.

திரையே வேண்டாமென்றால் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு நிரல் பலகை, சிவப்பு எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர், நல்ல கிளிக் உள்ள ஒரு பொத்தான் போதும். மைக்ரோஸ் கட்டளை 4 மைக்ரோ வினாடித் துல்லியம் தரும். இதில் ஓடும் எண் காட்ட முடியாது, எல்இடி எரிவதுதான் தூண்டல். ஆகவே வெளியான எண்களோடு நேராக ஒப்பிட வேண்டாம். உங்கள் ஆட்களுக்குள் ஒப்பிடலாம். பொத்தான் அதிர்வை வடிகட்ட 10 மில்லி வினாடி காத்திருக்கும் வரியை, நேரத்தைக் குறித்த பிறகு போடுங்கள். முன்னால் போட்டால் எல்லாப் பதிலிலும் 10 கூடிவிடும்.

எதைக் கட்டினாலும் சரிபாருங்கள். 240 பிரேம் எடுக்கும் கைபேசிக் கேமராவில் விரலும் விளக்கும் ஒன்றாகத் தெரிய 50 அழுத்தம் பதிவு செய்யுங்கள். ஒரு பிரேம் ஏறத்தாழ 4.2 மில்லி வினாடி. விளக்கு எரிந்த பிரேமிலிருந்து பொத்தான் அடியில் தட்டிய பிரேம் வரை எண்ணி, கருவி எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவு என்றால் கழித்துக்கொள்ளலாம். ஒருமுறை 10, ஒருமுறை 60 என்று தாவினால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

தறிநிழல்

இவ்வளவு பாடுபடுவதைவிட, நேரடியாகக் கேட்டால் சொல்லமாட்டார்களா? தன் தூக்கம் தனக்குத் தெரியாதா?

வைகறை

முதல் இரண்டு நாள் தெரியும். பிறகு தெரியாது. இதற்கு உறுதியான சான்று 2003ல் வான் டோங்கன் குழு வெளியிட்ட ஆய்வு. ஆரோக்கியமான 48 பேர். 14 நாள், சிலருக்கு இரவுக்கு 8 மணி நேரம், சிலருக்கு 6, சிலருக்கு 4. ஆறு மணி நேரக்காரர்களின் லாப்ஸ் நாளுக்கு நாள் ஏறி, முழு இரவு தூங்காதவர்களின் அளவுக்குப் போனது. ஆனால் "எவ்வளவு தூக்கமாக இருக்கிறது" என்ற கேள்விக்கு அவர்கள் தந்த பதில் சில நாளிலேயே ஒரு மட்டத்தில் நின்றுவிட்டது. உடல் சரிந்துகொண்டே போகிறது, வாய் "பரவாயில்லை" என்கிறது. வருடக்கணக்கில் முழு நைட் பார்த்தவரிடம் கேட்டால் "பழகிப்போச்சு" என்றுதான் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குள்ளிருக்கும் அளவுகோலே நகர்ந்துவிட்டது.

அதற்காகக் கேட்காமலும் விடாதீர்கள். உணர்வுக்கும் செயலுக்கும் இடையில் விழும் இந்த இடைவெளிதான் விபத்து நடக்கும் இடம். அதை அளக்க இரண்டும் வேண்டும். 1 முதல் 5 என்று சொந்தமாகச் செய்ததை விட்டு, 1990ல் ஓகர்ஸ்டெட்டும் கில்பர்க்கும் தந்த கரோலின்ஸ்கா 9 புள்ளி அளவுகோலை எடுங்கள். "கடந்த 5 நிமிடத்தில்" என்று கேளுங்கள், "இன்று" என்று அல்ல. பிவிடிக்கு முன்னால் கேளுங்கள். மூன்று நிமிடம் வெற்றுத் திரையைப் பார்த்தவருக்கு அதுவரை தெரியாத தூக்கமும் தெரியவந்துவிடும்.

நேரம் குறிப்பது பற்றி. தொடக்கமும் முடிவும் மட்டும் அளந்தால் முழு நைட்டில் முக்கியமான பள்ளத்தைத் தாண்டிவிடுவீர்கள். உடல் கடிகாரம் அடிமட்டத்துக்குப் போவது ஏறக்குறைய அதிகாலை 3 முதல் 6 வரை. காலை 7:45க்கு வீட்டுக்குப் போகும் நினைப்பிலேயே ஆள் தெளிந்துவிடுவார். நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும் ஷிப்டுக்கு 12:45, 4:30, 7:15 என்று மூன்று முறை வையுங்கள். வேலைக்கு முன்னால் குட்டித்தூக்கம் போட்டு வருபவர்கள் உண்டு. விழித்து அரை மணி நேரமாவது கழியாமல் அளக்காதீர்கள், அந்த மந்தம் வேறு.

தேநீரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். எத்தனை மணிக்குக் குடித்தார் என்று எழுதுங்கள். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 3 மணித் தேநீர் 4:30 அளவையை நேராகத் தொடும். வாயில் புகையிலை அடக்குபவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நிகோடின் விழிப்பைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிக்கும்.

முந்தைய நாள் தூக்கத்தை ஆக்டிகிராஃபில் (கையில் கட்டும் அசைவுமானி) பதிந்தால் நல்லது. வலக்கைக்காரருக்கு இடது மணிக்கட்டில். அது அசைவைத்தான் பார்க்கிறது. பகல் வெயிலில் தகரக் கூரையின் கீழ் தூக்கம் வராமல் அசையாது படுத்திருப்பவரையும் தூங்குகிறார் என்றே எழுதும். ஆகவே பக்கத்தில் ஒரு தூக்கக் குறிப்பேடு கட்டாயம்.

கணக்கன்

ஸ்ட்ரூப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1935லிருந்து இருக்கும் சோதனை, விளைவு ஒவ்வொரு முறையும் வரும். ஆனால் ஆளுக்கு ஆள் ஒப்பிட அது பலவீனமானது. காரணம் நாம் எடுப்பது கழித்தல் எண்: பொருந்தாத சொல்லின் நேரத்திலிருந்து பொருந்தும் சொல்லின் நேரத்தைக் கழிக்கிறோம். இரண்டு நேரங்களின் நம்பகத்தன்மையும் 0.8, இரண்டுக்கும் இடையே தொடர்பு 0.7 என்றால், வித்தியாசத்தின் நம்பகத்தன்மை (0.8 − 0.7) / (1 − 0.7) = 0.33. இரண்டு நல்ல அளவுகளிலிருந்து ஒரு மோசமான அளவு பிறக்கிறது. ஹெட்ஜ், பாவல், சம்னர் மூவரும் 2018ல் இதைத் தெளிவாகவே காட்டினார்கள்.

இதோடு மொழியும் இருக்கிறது. "சிவப்பு" என்ற சொல் பச்சை மையில் இருக்கும்போது தடுமாற்றம் வருவது, படிப்பது தன்னிச்சையாக நடப்பதால். தமிழ் சரளமாகப் படிக்காதவருக்கு அந்தத் தடுமாற்றமே வராது. தமிழக ஆலைகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. தமிழ்ச் சொல்லை வைத்தால் அவர்கள் கவனத்தில் சிறந்தவர்களாகத் தெரிவார்கள். அளந்தது கவனத்தை அல்ல, எழுத்தறிவை.

பஞ்சுக்காற்று

நடத்தையை அளப்பது பற்றி யாரும் பேசவில்லையே. ஆலையில் கைக்கெட்டும் எண் நூல் அறுபடும் எண்ணிக்கை. அதை எடுக்காதீர்கள். நூல் அறுவது ஈரப்பதம், ஸ்பிண்டில் வேகம், பஞ்சின் தரம் எல்லாவற்றையும் பொறுத்தது. இரவில் ஈரப்பதம் மாறும். அறுபடுவது கூடினால் அது சைடரின் (ஃபிரேமைக் கவனிக்கும் தொழிலாளியின்) தூக்கமா காற்றின் குணமா என்று பிரிக்க முடியாது. அறுந்த நூல் எவ்வளவு நேரம் ஒட்டப்படாமல் கிடந்தது என்பதை எடுங்கள். அதுகூட ஒரே நேரத்தில் எத்தனை அறுந்திருந்தன என்பதைப் பொறுத்தது, ஆகவே அதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

நேரில் கவனிப்பதானால் கொட்டாவி, கண் மூடல், தலை சாய்தல் மூன்றும் போதும். ஒரு நிமிடத் துண்டு துண்டாக, இருந்தது அல்லது இல்லை என்று மட்டும். "சோர்வாகத் தெரிந்தார்" என்று எழுத இடம் கொடுக்காதீர்கள். இரண்டு பேர் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். அவர்களுடைய ஒப்புமையை வெறும் சதவீதத்தில் சொல்லி ஏமாறாதீர்கள். 100 நிமிடத்தில் இருவரும் "இருந்தது" என்றது 4, இருவரும் "இல்லை" என்றது 86, மாறுபட்டது ஒவ்வொரு பக்கமும் 5. ஒப்புமை 90 சதவீதம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொட்டாவியே அரிது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 84 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயல் ஒப்புமையைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் காப்பா கணக்கிட்டால் 0.39தான். எது கொட்டாவி, எது பெருமூச்சு என்று வீடியோவில் பார்த்துப் பேசித் தீர்த்துவிட்டு மறுபடி பயிற்சி செய்யுங்கள். 0.7க்கு வராமல் தளத்துக்குள் இறங்க வேண்டாம்.

அளவுகோல்

வரிசை பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் எல்லோருக்கும் பகல் என்றால் பழக்கமும் ஷிப்டும் ஒன்றோடொன்று பின்னிவிடும். உங்களிடம் ஏற்கெனவே மூன்று ரிலே (ஷிப்ட் குழு) இருக்கிறது: ஒன்று பகலில் தொடங்கட்டும், ஒன்று அரை நைட்டில், ஒன்று முழு நைட்டில். 14 பேர் வீதம் சரியாகப் பிரிகிறது. ஒரு குறை இதில் தீராது. சுழற்சி ஒரே திசையில் போவதால் முழு நைட்டுக்கு முன்னால் எப்போதும் அரை நைட்தான். முந்தைய வாரத்தின் மிச்சம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கட்டுரையில் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

மாறிய முதல் நாளில் அளக்காதீர்கள். நான்காம் நாள் நல்லது. இதற்கு ஹாத்தோர்ன் ஆலை ஆய்வைவிட நல்ல பாடம் இல்லை. சிகாகோவுக்கு அருகே சிசெரோவில் இருந்த அந்த ஆலையில் 1924ல் தொடங்கிய விளக்கு வெளிச்சச் சோதனையில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, கவனிக்கப்படுகிறோம் என்பதே காரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். 2011ல் லெவிட்டும் லிஸ்டும் பழைய தரவைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். வெளிச்சத்தை மாற்றியது ஞாயிற்றுக்கிழமைகளில். வெளிச்சம் மாறாத வாரத்திலும் திங்களன்று உற்பத்தி சனியைவிட அதிகம்தான். ஓய்வு நாளை அடுத்து வந்த ஏற்றத்தைத் தலையீட்டின் பலன் என்று படித்துவிட்டார்கள். உங்கள் ஷிப்டும் வார விடுமுறைக்குப் பிறகுதானே மாறுகிறது?

வைகறை

ஒப்புதல் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் நிற்க வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. மறுத்தால் ஷிப்ட் மாறும், ஓவர்டைம் போகும் என்ற பயம் இருக்கும் இடம் அது. தனி அறையில், அவரவர் மொழியில், மேற்பார்வையாளர் இல்லாமல் கேளுங்கள். தனிநபர் மதிப்பெண் எந்த நிலையிலும் நிர்வாகத்துக்குப் போகாது என்று ஆலையோடு எழுத்தில் முடிவு செய்துகொண்ட பிறகே தொடங்குங்கள். "இவருக்கு லாப்ஸ் 14" என்ற தாள் ஒருமுறை அலுவலகத்துக்குப் போனால் ஒருவரின் வேலை போகலாம். இந்தச் சோதனை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெயருக்குப் பதில் எண், பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் ஆலைக்கு வெளியே பூட்டில். யாராவது கண்முன் தூங்கி விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்: ஃபிரேமுக்குத் திரும்ப அனுப்பாமல் மாற்று ஆள் போட வேண்டும், அது அவர் பேரில் குறையாகப் பதியக் கூடாது.

தறிநிழல்

திருத்திய திட்டம்: ரேவன், ஸ்ட்ரூப், நினைவுச் சோதனை மூன்றும் நீக்கம். கரோலின்ஸ்கா கேள்வி, உடனே 3 நிமிட பிவிடி. ஒரே மாதிரி இரண்டு ஆர்டுயினோ கருவி, கேமராவில் சரிபார்த்தது. மூன்று ரிலேயும் வெவ்வேறு ஷிப்டில் தொடக்கம், நான்காம் நாள், ஷிப்டுக்கு மூன்று அளவை. 42 × 3 × 3 = 378 வரிசை தரவு. சரியா?

கணக்கன்

378 வரிசைதான், 378 பேர் அல்ல. ஒவ்வொரு வரிசையையும் தனி ஆளாகக் கொள்ளும் சாதாரண அனோவாவில் (குழுச் சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) கொட்டினால் எல்லாமே பிரமாதமாகத் தெரியும். ஆளுக்கு ஓர் அடிமட்டம் தனியாக விடும் மிக்ஸட் மாடல் போடுங்கள். தூக்கக்குறைவைத் தாங்கும் சக்தி ஆளுக்கு ஆள் பெரிதாக வேறுபடும், அது அவரவரின் நிலையான குணமும்கூட. ஆகவே ஷிப்டின் விளைவும் ஆளுக்கு ஆள் மாற இடம் விடுங்கள். முதல் அளவைக்கு முந்திய வாரம் ஆளுக்கு இரண்டு பயிற்சிச் சுற்று கொடுத்து, அந்த எண்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

மின்துகள்

நிரலில் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டுயினோவில் தற்செயல் எண்ணுக்கு விதை, அதாவது தொடக்க எண், கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் அதே இடைவெளி வரிசைதான் வரும். ஒன்பதாவது முறை செய்பவருக்குக் கை அதை மனப்பாடம் செய்திருக்கும். எதுவும் இணைக்காத அனலாக் பின்னை வாசித்து விதையாகக் கொடுங்கள். பிறகு ஐந்து முறை அணைத்துப் போட்டு, முதல் பத்து இடைவெளிகளை அச்சிட்டுப் பாருங்கள். ஐந்தும் வேறு வேறாக வந்தால் கருவி தயார்.